சண்டையே இல்லாத இல்லம் நல்ல இல்லமா? பல நாட்டவர் சேர்ந்து வாழும் துறவறக் குழுமம் பற்றி ஒரு பதில்

ஒரு மறைபரப்புத் துறவற சபையைச் சேர்ந்த சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய இல்லத்தில் ஐந்து பேர், நான்கு நாட்டுக்காரர்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பண்பாட்டு விழாகூட நடக்கிறது, அவரவர் நாட்டு உடை உடுத்திப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். ஆனாலும் ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாக வாழ்வதாகத்தான் அவருக்குத் தோன்றுகிறது. மூன்று கேள்விகள் கேட்கிறார். கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்ற நம்பிக்கை போதாதா? போதாது என்றால் எங்கிருந்து தொடங்குவது? இல்லத் தலைவிக்கு இதில் ஆர்வம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

சிஸ்டர், சண்டையே இல்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தந்தது. நான்கு நாட்டுக்காரர்கள் ஒரு சமையலறையையும் ஒரு வண்டியையும் ஒரு பணப்பெட்டியையும் பகிர்ந்துகொண்டு உரசலே இல்லாமல் இருக்கிறார்கள் என்றால், யாரோ ஒருவரோ இருவரோ எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். விழுங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசியாக வந்தவர்களாகவோ, வயதில் சிறியவர்களாகவோ, இல்லத்தின் பொதுமொழியில் தடுமாறுகிறவர்களாகவோ இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். பிறகு ஒருநாள் மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதுவார்கள், அல்லது சபையை விட்டே போய்விடுவார்கள். அப்போது எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள்.

பல நாட்டவர் ஓர் இல்லத்தில் குடியிருப்பதை ஒரு மாற்றல் கடிதத்தால் மாநிலத் தலைவர் செய்துவிடலாம் (மாநிலம் என்பது இங்கே பல இல்லங்கள் சேர்ந்த சபையின் நிர்வாகப் பிரிவு). அவர்கள் ஒருவரால் ஒருவர் மாறுவதை யாரும் உத்தரவு போட்டு நடத்த முடியாது. பண்பாட்டிடைக் குழுமம் என்று இப்போது பேசப்படுவது இந்த இரண்டாவதைத்தான். உங்கள் இல்லம் இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு தாளை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த இல்லத்துக்கு வந்தபின் எதையெல்லாம் மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். மொழி, சாப்பாடு, எழுந்திருக்கும் நேரம், சிரிக்கும் சத்தம், மூத்தவரிடம் பேசும் முறை, கோபத்தைக் காட்டும் முறை என்று பட்டியல் நீளும். மறுபக்கத்தில், ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் புதியவர்களுக்காக எதை மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால், உங்கள் பண்பாட்டு விழா எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், அது ஒரே பண்பாட்டின் இல்லம். மற்றவர்கள் அங்கே விருந்தாளிகள். விருந்தாளி ஆண்டுக்கு ஒருநாள் பாட்டுப் பாடலாம், சமையலறை அலமாரியை மாற்றி அடுக்க முடியாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். யூதர் என்றும் கிரேக்கர் என்றும் இல்லை, கிறிஸ்து இயேசுவோடு இணைந்துள்ள நீங்கள் யாவரும் ஒன்றாய் இருக்கிறீர்கள் என்ற பொருளில் பவுல் எழுதியது கலாத்தியர் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில். அதற்கு முந்தைய அதிகாரத்தை எத்தனை பேர் சேர்த்து வாசிக்கிறோம்? அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொள்கிறார். பவுலின் உடன்பணியாளரான பர்னபாகூட அந்தப் பக்கம் சாய்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டிக்கிறார். சண்டை சாப்பாட்டு மேசையில் நடந்தது. அந்தச் சண்டையைச் சொல்லிவிட்டுத்தான் "நீங்கள் யாவரும் ஒன்று" என்கிறார். நாமோ சண்டையைத் தாண்டிக் குதித்து நேராக வசனத்துக்குப் போய்விடுகிறோம்.

மில்ட்டன் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில், பண்பாட்டு வேறுபாட்டை மனிதர்கள் எதிர்கொள்ளும் விதத்தை ஆறு படிகளாகப் பிரித்தார். வேறுபாட்டைக் காணாமலே இருப்பது முதல் படி. தற்காத்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது படியில் வேறுபாட்டைச் சிறிதாக்கிவிடுவார்கள்: "என்ன இருந்தாலும் நாம் எல்லாரும் மனிதர்கள்தானே." அதற்கு அப்பால்தான் ஏற்பது, தகவமைத்துக்கொள்வது, ஒருங்கிணைப்பது என்ற படிகள் வருகின்றன. துறவற இல்லங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் அந்த மூன்றாவது படி என்பது என் கணிப்பு. நம்மிடம் அதற்குப் பக்தியான வாசகங்களும் தயாராக இருக்கின்றன: நமக்கு ஒரே நிறுவனர், ஒரே தனிவரம் (சபைக்கே உரிய அருள்கொடை), ஒரே சபை விதிமுறை. எல்லாம் உண்மைதான். ஆனால் "நாம் எல்லாரும் ஒன்று" என்று சொல்பவர் பெரும்பாலும் தன்னைப்போல மற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில்தான் சொல்கிறார். வலிக்கும் இடத்தில் இருப்பவர் அதை முதலில் சொல்வது அபூர்வம்.

அப்படியானால் தொடக்கத் திருச்சபை என்ன செய்தது? திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. திருத்தூதர்கள் அங்கே ஒற்றுமையைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கலாம். "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பந்திப் பொறுப்பையே ஏழு பேர் கையில் கொடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூதம் தழுவியவர். குறை சொன்ன சிறுபான்மையின் கையிலேயே, எல்லாருக்கும் பங்கிடும் பொறுப்பு போனது. பண்பாட்டிடைக் குழுமம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான்: அன்பு எவ்வளவு இருந்தாலும், பொறுப்பும் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் கைமாறாத இடத்தில் குழுமம் உருவாகாது.

சபைகளின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜப்பானில் இயேசு சபைப் பணிக்கு 1570 முதல் தலைவராக இருந்தவர் பிரான்சிஸ்கோ காப்ரால் என்ற போர்த்துக்கீசியர். ஜப்பானியச் சகோதரர்களைச் சபையில் சேர்த்துக்கொண்டாலும் அவர்களை இரண்டாந்தரமாகவே வைத்திருந்தார், குருத்துவத்துக்குத் தகுதியானவர்களாக நினைக்கவில்லை. அவர்கள் மொழியைக் கற்பதில் ஐரோப்பியர்கள் நேரம் செலவிடுவதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1579-இல் சபைத் தலைமையின் சார்பில் பணியைப் பார்வையிட்டுச் சீர்செய்ய வந்த அலெஸ்ஸாந்த்ரோ வலிஞானோ இதைக் கண்டு நிலைமையைத் தலைகீழாக்கினார். ஐரோப்பியர்கள் ஜப்பானிய மொழியும் மரியாதை முறைகளும் கற்க வேண்டும், உள்ளூர்க்காரர்களுக்கு நவதுறவகமும் (துறவறத் தொடக்கப் பயிற்சி இல்லம்) குருமடங்களும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1581-இல் காப்ரால் பதவியிலிருந்து விலகினார். முதல் ஜப்பானியக் குருக்கள் 1601-இல் நாகசாகியில் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். (வலிஞானோவைப் புனிதராக்கிவிட வேண்டாம். ஜப்பானியர்மீது இவ்வளவு மதிப்பு வைத்திருந்த அதே மனிதர் இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் தாழ்வாக மதிப்பிட்டு எழுதியிருக்கிறார். ஒரு பண்பாட்டுக்குத் திறந்த மனம் இன்னொன்றுக்குத் தானாகத் திறந்துவிடாது. இது நம் இல்லங்களிலும் நடக்கும்.)

இன்னொன்று, இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. தானியேல் கொம்போனி 1867-இல் வெரோனாவில் தொடங்கிய நிறுவனம், ஆப்பிரிக்கப் பணிக்காகப் பல நாட்டவர் கூடும் ஓர் அமைப்பாகவே எண்ணப்பட்டது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின், இத்தாலிய மொழி பேசியவர்களுக்கும் ஜெர்மன் மொழி பேசியவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. 1923-இல் சபை இரண்டாகப் பிரிந்தது. மீண்டும் ஒன்று சேர்ந்தது 1979-இல். 56 ஆண்டுகள்! இரு தரப்பும் ஐரோப்பியர்கள், கத்தோலிக்கர்கள், ஒரே நிறுவனரின் பிள்ளைகள். ஆகவே "ஆசியர்களும் ஆப்பிரிக்கர்களும் வந்தபிறகுதான் பிரச்சினை" என்று யாராவது பெருமூச்சு விட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிரிந்தவர்கள் திரும்பச் சேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது பெரிய காரியம்.

கர்தினால் லவிஜெரி 1868-இல் அல்ஜியர்சில் தொடங்கிய ஆப்பிரிக்க மறைப்பணியாளர் சபையில் ஒரு பழைய விதி உண்டு: எந்த இல்லத்திலும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. வெவ்வேறு நாட்டவரைக் கலந்து அனுப்புவதும் அவர்கள் வழக்கம். மூன்று என்பதில் நடைமுறை ஞானம் இருக்கிறது. இரண்டு பேர் என்றால் ஒருவர் ஆட்சி, ஒருவர் அடிமை என்று ஆகிவிடலாம். ஆனால் மூன்றிலும் இருவர் ஒரே நாட்டவர் என்றால் மூன்றாமவரின் பாடு திண்டாட்டம்தான். உங்கள் இல்லத்திலும் ஐந்து பேர், நான்கு நாடுகள் என்றால், ஒரு நாட்டிலிருந்து இருவர் இருக்கிறார்கள். அந்த இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், எப்போது, யார் முன்னால் என்பதைக் கவனியுங்கள்.

இது இன்று இவ்வளவு பேசப்படுவதற்கு ஒரு காரணம் ஆள்கணக்கு. 1875-இல் அர்னால்டு யான்சன் நெதர்லாந்தின் ஸ்டைல் ஊரில் தொடங்கிய இறைவார்த்தை சபையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜெர்மன் மொழி பேசியவர்கள் நிறைந்த சபை. இன்று அதன் உறுப்பினர்களில் இந்தோனேசியர்களும் இந்தியர்களும்தான் அதிகம், 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் பணி செய்கிறார்கள். 2000-இல் பிலிப்பீன்சைச் சேர்ந்த அந்தோனியோ பெர்னியா அதன் உலகத் தலைவரானார், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவர். 2012-இல் அவர்களுடைய பொதுப் பேரவை பண்பாட்டிடை வாழ்வையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. மற்ற பல சபைகளிலும் இதே திசையில்தான் காற்று வீசுகிறது. ஆனால் ஆட்கள் மாறினாலும் வீட்டின் பழக்கம் மாறப் பல ஆண்டுகள் ஆகும். ஒரே நாட்டின் மொழியும் சமையலும் சட்டமாக இருந்த இடத்தில், இன்னொரு பெரிய நாட்டின் மொழியும் சமையலும் சட்டமாகிவிடுவதும் நடக்கிறது. எண்ணிக்கையில் பெருகியவர்கள் தங்களுக்குச் செய்யப்பட்டதையே மற்றவர்களுக்குச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களாக நினைத்துக்கொள்வதால் அவர்களுக்கு அது கண்ணில் படுவதும் இல்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இல்லக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள், விழாவிலிருந்து வேண்டாம். கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். தலைவி ஒரு திட்டத்தைச் சொல்கிறார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்கிறார். இருவர் உடனே பேசுகிறார்கள், ஒருவர் தலையாட்டுகிறார், மற்ற இருவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். "அப்போ எல்லாருக்கும் சம்மதம்" என்று குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது. அடுத்த வாரம் நோட்டைப் பார்த்தவர்கள் அந்த முடிவின்படி நடக்கவில்லை. தலைவிக்குக் கோபம்: "கூட்டத்தில் வாய் திறக்கவில்லையே, இப்போது ஏன் முரண்டு பிடிக்கிறார்கள்?" அந்த இருவர் வளர்ந்த சூழலில், மூத்தவர் சொன்னதை எல்லார் முன்னாலும் மறுப்பது அவமரியாதை. பேசாமல் இருந்ததே அவர்களுடைய மறுப்பு. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார்: சில பண்பாடுகளில் சொல்லப்படும் சொற்களிலேயே எல்லாம் இருக்கும், சிலவற்றில் சூழலையும் மௌனத்தையும் சேர்த்தால்தான் செய்தி முழுமையாகும்.

இதற்கு நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. ஹாங்காங்கில் பிறந்து அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபையில் குருவான எரிக் லா உருவாக்கிய முறை அது. முதலில் ஒருவர் பேசுகிறார். பேசி முடித்ததும் அடுத்துப் பேச வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அழைக்கப்பட்டவர் பேசலாம், பிறகு பேசுகிறேன் என்று தள்ளிவைக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அடுத்தவரை அழைக்கும் உரிமை அவருக்கே. எல்லாரும் அழைக்கப்படும்வரை குறுக்கே யாரும் பேசுவதில்லை. கேட்க எளிமையாகத்தான் இருக்கும், ஆனால் செய்து பாருங்கள். வாய் துடுக்கானவர்கள் தவித்துப்போவார்கள், அமைதியானவர்கள் சொல்ல வைத்திருந்தது எவ்வளவு என்று வீடே திகைக்கும். 2023 அக்டோபரில் ஆயர் மாமன்றம் வட்ட மேசைகளில் உட்கார்ந்து செய்த "தூய ஆவியில் உரையாடல்" முறையும் இதற்குச் சொந்தம்தான்: முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பேசுவது, இரண்டாம் சுற்றில் மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டதை மட்டும் சொல்வது, மூன்றாவதில் சேர்ந்து தேர்ந்து தெளிவது. பெரிய முடிவுகளை ஒரே கூட்டத்தில் எடுக்காமல், இரு நாள் இடைவெளி விட்டு இரண்டாம் கூட்டத்தில் எடுங்கள். தனியாக வந்து சொல்லும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்த இடைவெளி தேவை.

மொழி. பொதுமொழி வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை, உணவு மேசையில் அதைத்தான் பேச வேண்டும் என்பதிலும் இல்லை. ஆனால் அந்தப் பொதுமொழி யாருக்கோ தாய்மொழியாக இருக்கும், அவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்பார். தன் நாட்டில் கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர், புது மொழியில் மூன்று சொல் வாக்கியங்களில் பேச வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் அறியாமலே அவரைக் குழந்தைபோல நடத்தத் தொடங்குகிறார்கள், பொறுப்பு எதையும் தருவதில்லை. வந்தவருக்கு முதல் ஆண்டு மொழி கற்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். "ஆள் பற்றாக்குறை, கற்றுக்கொண்டே வேலையும் பார்க்கட்டும்" என்று மூன்றாம் மாதமே விடுதிப் பொறுப்பில் போட்டுவிடும் மாநிலங்கள், அந்த மிச்சத்துக்குப் பத்து ஆண்டுகள் வட்டி கட்டுகின்றன. தாய்மொழிக்காரர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும்: மெதுவாகப் பேசுவது, சொலவடை போட்டு நகைச்சுவை செய்தால் விளக்குவது, உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது.

சாப்பாடு, நேரம், ஜெப முறை பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் வேகமாகக் கடக்கிறேன். சமையல் முறை சுழற்சியாக வந்தால், அவரவர் நாளில் அவரவர் சமையல், அன்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. திருப்புகழ்மாலையில் (இல்லத்தார் வேளைதோறும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில்) ஒரு பாடலோ ஒரு மன்றாட்டோ ஒவ்வொருவர் தாய்மொழியிலும் வாரம் ஒருமுறை வரட்டும், விழா நாளில் மட்டும் வேண்டாம். நேர விஷயத்தில், ஜெபத்துக்கும் திருப்பலிக்கும் கடிகாரம், விருந்தினருக்கும் நோயாளிக்கும் மனிதர் என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

பணத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துறவி தன் உழைப்பாலோ சபையின் பெயராலோ பெறுவது எல்லாம் சபைக்கே உரியது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 668-ஆம் எண். எல்லாருக்கும் பொதுவான சட்டம். ஆனால் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உள்ள நாட்டில் பெற்றோரை விட்டுவந்தவருக்கு அது ஒரு கனம், மூத்த மகளின் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இன்னொரு கனம். முன்னவர் வீட்டிலிருந்து இல்லத்துக்குப் பரிசுப் பொட்டலம் வரும். பின்னவருக்குத் தம்பியின் கல்விக் கட்டணம் கேட்டுத் தொலைபேசி வரும். இரண்டாமவர் ஏழ்மை வார்த்தைப்பாட்டில் (துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியில்) பலவீனமானவர் என்று முடிவு கட்டுவது எளிது, அநியாயமும்கூட. பெற்றோரின் நோய், சாவு, அவசரத் தேவை ஆகியவற்றுக்குச் சபை எதுவரை உதவும் என்பதை எழுத்தில் வைத்துவிட்டால், யாரும் மறைவாகக் கைமாற்று வாங்க வேண்டியிருக்காது. இப்படி எழுதி வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு, அங்கே வதந்திகள் குறைவு.

அதே பணத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. வசதியான நாட்டிலிருந்து வந்தவருக்கு ஊரில் நண்பர்களும் பங்குமக்களும் நன்கொடை அனுப்புவார்கள். கிணறு, வகுப்பறை, வண்டி என்று ஒவ்வொன்றும் அவர் பெயரில் வரும். ஊர் மக்களும் அவரைத் தேடித்தான் வருவார்கள். கையில் நன்கொடையாளர் இல்லாதவர், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவருக்கு உதவியாளர்போல ஆகிவிடுவார். எல்லா நன்கொடையும் இல்லத்தின் பொதுக்கணக்குக்கு வந்து, எதற்குச் செலவிடுவது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தால் ஒழிய இது தீராது. திருத்தூதர் பணிகள் 6 இங்கேதான் மீண்டும் வேலைக்கு வருகிறது: பொருளர் பொறுப்பைச் சிறுபான்மை நாட்டவரிடம் கொடுத்துப் பாருங்கள். வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது என்பதையும் பாருங்கள்.

அப்புறம் துக்கம். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில், வேறு கண்டத்திலிருந்து வந்த இளம் சகோதரிக்குத் தாயார் இறந்த செய்தி காலை ஜெபத்துக்கு முன் வந்தது. போய்ச் சேரும் தூரமில்லை. கூட இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. அன்றைய திருப்பலியை அந்தத் தாய்க்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னார்கள். அறைக் கதவுக்கு அடியில் அனுதாப அட்டையைச் செருகினார்கள். "அவருக்குத் தனிமை வேண்டும்" என்று சத்தம் எழுப்பாமல் நடமாடினார்கள், சாப்பாட்டைத் தட்டில் மூடி வாசலில் வைத்தார்கள். அவர்கள் வளர்ந்த இடத்தில் துக்கத்துக்கு மரியாதை அது. உள்ளே அந்தச் சகோதரி, ஒருவராவது கதவைத் தட்டி உள்ளே வந்து பக்கத்தில் உட்கார மாட்டார்களா என்று இரவுவரை காத்திருந்தார். அவர் வளர்ந்த இடத்தில் சாவு வீட்டில் ஒருவரைத் தனியே விடுவது, "உனக்கு யாரும் இல்லை" என்று அவரிடமே சொல்லிக்காட்டுவது. பல மாதங்கள் கழித்து ஒரு தியானத்தில்தான் அது வெளியே வந்தது. கேட்ட மற்றவர்கள் அழுதுவிட்டார்கள். இரு தரப்பிலும் அன்பு இருந்தது, இரு தரப்பிலும் பிழையாகப் படிக்கப்பட்டது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில், யாருக்கும் எதுவும் நேராத அமைதியான நாளில், ஒவ்வொருவரும் சொல்லட்டும்: எங்கள் வீட்டில் சாவை எப்படி அனுசரிப்போம், நோயாளியை எப்படிப் பார்ப்போம், கோபம் வந்தால் என்ன செய்வோம், மன்னிப்பை எப்படிக் கேட்போம், எனக்கு அப்படி நேர்ந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் நோட்டை மறுபடி திறக்க வேண்டும். விதிகளையும் அவரை வைத்து மறுபடி பேச வேண்டும், "இங்கே இப்படித்தான்" என்ற வாக்கியத்தை அந்த ஒரு நாளாவது தடை செய்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் "பண்பாட்டு வேறுபாடு" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சோம்பேறித்தனம் சோம்பேறித்தனம்தான், அதிகார வெறி எந்த நாட்டிலும் அதிகார வெறிதான். நிறத்தைப் பார்த்தோ சாதியைப் பார்த்தோ ஒருவரைத் தாழ்த்துவதற்குப் பண்பாடு என்று பெயர் வைக்கக் கூடாது, அது பாவம், அதற்குரிய பெயரில்தான் அதைக் கூப்பிட வேண்டும். நாடு ஒன்றாக இருந்தால் பண்பாடும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஒரே நாட்டுக்காரர்கள் நிறைந்த இல்லங்களில் இனக்குழு, சாதி, மொழிப் பிரிவுகள் ஓடுவது சபைத் தலைவர்கள் எல்லாருக்கும் தெரியும். நற்செய்தி எல்லாப் பண்பாட்டையும் கேள்வி கேட்கும், என்னுடையதை முதலில்.

பயிற்சி பற்றி ஒரு சொல். வெளிநாட்டில் வாழும் பழக்கம் கடைசி நேரத்தில் வருவதில்லை. இறைவார்த்தை சபையில் நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு முன்பே பயிற்சி நிலையினரை வேறு நாட்டுக்கு அனுப்பும் திட்டம் இருக்கிறது. தான் சிறுபான்மையாக இருந்து பார்க்காத ஒருவரைப் பிறகு இல்லத் தலைவராக்குவது ஆபத்து என்பேன். அங்கும் அவசரப்படக் கூடாது. அந்தச் சபையின் முதல் மறைப்பணியாளர்களில் ஒருவரான புனித யோசேப்பு ஃப்ரைனடேமெட்ஸ் 1879-இல் சீனாவுக்குப் போனபோது, தொடக்க ஆண்டுகளின் கடிதங்களில் சீனர்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். பிறகு அந்த மக்களிடம் ஒன்றிப்போய், 1908-இல் அங்கேயே இறந்தார். புனிதருக்கே காலம் தேவைப்பட்டது, நமக்குக் கொஞ்சம் கூடவே ஆகட்டும்.

பல சபைகள் சேர்ந்து ஒரே இல்லமாக வாழும் முயற்சிகளும் உண்டு. தென் சூடானுக்காக 2008-இல் தொடங்கிய கூட்டுப் பணியில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த அருள்சகோதரிகளும் சகோதரர்களும் குருக்களும் ஒன்றாகத் தங்கி, ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தந்திருக்கிறார்கள். நாடு, மொழியோடு சபை மரபும் வேறு. அங்கே "எங்கள் நிறுவனர் சொன்னார்" என்று விவாதத்தை முடிக்க முடியாது, அதுவே ஒரு நன்மை.

கடைசியாக, ஆர்வமில்லாத இல்லத் தலைவி. முதலில், அவருக்கு ஆர்வமில்லையா, பயமா என்று பாருங்கள். பலருக்குப் பயம்தான். கூட்டத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் வெடிக்கும் என்று நினைக்கிறார்கள், கொஞ்சம் வெடிக்கவும் செய்யும். அவருடைய தலைமையைக் குறைசொல்வதுபோல இல்லாமல், ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள்: மாதத்தில் ஒரு கூட்டத்தை எரிக் லாவின் அந்த அழைப்பு முறையில் நடத்துவது. பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்களுடன் இருப்பவர்களில் மிகக் குறைவாகப் பேசுகிறவரின் மொழியில் இருபது சொற்களாவது கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு அனுமதி தேவையில்லை.

அதற்கும் அவர் அசையாவிட்டால் திருச்சபைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இல்லத்தில் சகோதர அன்புள்ள குழுமத்தைக் கட்டுவது தலைவரின் கடமை என்று 619-ஆம் எண் சொல்கிறது, அது அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. மேல் தலைவர்கள் இல்லங்களைப் பார்வையிட வரும்போது உறுப்பினர்கள் நம்பிக்கையோடு உண்மையைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து அவர்களை யாரும் தடுக்கக் கூடாது என்கிறது 628-ஆம் எண். மாநிலத் தலைவி வருவதற்கு முந்தைய வாரம், ஐந்து பேரும் முடியாவிட்டால் மூன்று பேராவது சேர்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். ஆள்களைப் பற்றி எழுதாதீர்கள், ஏற்பாடுகளைப் பற்றி எழுதுங்கள்: கூட்டம் எப்படி நடக்கிறது, நன்கொடை எங்கே போகிறது, மொழிப் படிப்புக்கு எவ்வளவு காலம் கிடைத்தது, வீட்டுக்குப் போகும் விடுமுறையை யார் எப்படி முடிவு செய்கிறார்கள், பொறுப்புகள் யாரிடம் எத்தனை ஆண்டுகளாக இருக்கின்றன. வாயால் சொன்னால் குறைகூறலாகக் கேட்கும், மறந்தும் போகும். எழுத்தில் கொடுத்தால் அது பார்வை அறிக்கையில் ஏறும், அடுத்த முறை வருகிறவர் அங்கிருந்து தொடங்குவார்.